விழுந்து புரளும் காமெடிப் படங்கள்: பார்த்தவர்கள் கருத்தை எப்படிப் படிப்பது, நாம் எப்படி எழுதுவது

எங்கள் வீட்டில் படம் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்து ரொம்ப நாளாகிறது. சோபாவின் ஒரு மூலையில் மாமியார். காது கொஞ்சம் மந்தம், வசனம் பாதிதான் எட்டும். அவர் பக்கத்தில் என் மகள், ஆறு வயது. திரையில் யாராவது கீழே விழுந்தால், அவர் எழுந்திருக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தரையில் மகன், பதினான்கு வயது. சிரிப்பு வந்தாலும் சிரிக்கமாட்டான், வயசு அப்படி. கணவர் பாதிப் படத்தில் தூங்கிவிட்டு, தூங்கவே இல்லை என்று சாதிப்பவர்.

இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே படம் என்றால் பெரும்பாலும் ஸ்லாப்ஸ்டிக் குடும்பப் படத்தில்தான் வந்து நிற்போம். வழுக்கி விழுவது, ஏணி சாய்வது, கதவு மூக்கில் மோதுவது என்று உடம்பை வைத்தே சிரிக்கவைக்கிற வகை. வசனம் புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. டப்பிங் சுமாராக இருந்தாலும் விழுகிறவன் விழத்தான் செய்வான்.

ஆனால் இந்த வகைப் படங்களுக்கு வருகிற பார்வையாளர் கருத்துகளைப் போல உதவாத கருத்துகள் வேறு எதற்கும் வருவதில்லை. பாதிப் பேர் 'வயிறு வலிக்கச் சிரித்தோம்' என்பார்கள். மீதிப் பேர் 'மரண மொக்கை' என்பார்கள். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதில் நமக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்க நான் செய்வதைச் சுருக்கமாகச் சொல்வதானால்: நட்சத்திர மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, எந்தக் காட்சியில், யார், யாரோடு உட்கார்ந்து சிரித்தார்கள் என்று தேடுகிறேன். அந்த மூன்றும் இருக்கிற கருத்து ஒன்று கிடைத்தால் போதும், 'செம' என்று ஐம்பது பேர் சொன்னதைப் படிக்க வேண்டியதில்லை.

எண்ணைப் பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள்

முதலில் கண்ணில் படுவது எண்தான். பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

பட விமர்சனங்களைத் தொகுத்துக் காட்டுகிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களுக்கான சதவீதம் என்பது சராசரி மதிப்பெண் இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்பதுதான் அது. 60 சதவீதத்தைத் தொட்டால் அங்கே நல்ல படம் என்ற முத்திரை. எல்லா விமர்சகர்களும் அரை மனதாகத் தலையாட்டிய படத்துக்கும் நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும். பார்வையாளர்களுக்கான எண்ணும் அதே மாதிரிதான், ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பங்கு. மூன்று நட்சத்திரம் கொடுத்து 'குழந்தைகளோடு ஒரு தடவை பார்க்கலாம்' என்று எழுதியவர் அந்தக் கணக்கில் பிடிக்காதவர் பட்டியலில் போய்விடுவார். குடும்பக் காமெடிக்கு வருகிற கருத்தில் இந்த மூன்று நட்சத்திர ஆட்களும் உண்டு என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் மதிப்பெண் ஒன்று முதல் பத்து வரை. அதுவும் நேரான சராசரி இல்லை, அவர்கள் எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள், சூத்திரத்தை முழுதாக வெளியிடுவதில்லை. அங்கே எனக்குப் பிடித்தது எண்ணை விட, எத்தனை பேர் எந்த மதிப்பெண் கொடுத்தார்கள் என்று காட்டுகிற பட்டை வரைபடம். 5.8 வாங்கிய படத்தில் ஐந்தும் ஆறும் ஏழும் குவிந்து கிடந்தால் அது எல்லாருக்கும் சுமாரான படம். அதே 5.8-இல் பத்தும் ஒன்றும் இரண்டு பக்கமும் கோபுரமாக நின்றால் அந்தப் படத்துக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. சிலருக்கு உயிர், சிலருக்கு எரிச்சல். ஸ்லாப்ஸ்டிக் படமென்றால் நான் அந்த இரண்டாவது வகையைத்தான் மேற்கொண்டு விசாரிப்பேன். ஒரு பக்கக் கோபுரம் ரசிகர் சண்டையால் எழுந்ததாகவும் இருக்கலாம், அதைக் கருத்துகளைப் படித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று உண்டு. படம் வெளியான முதல் நாள் இரவு தியேட்டரில் இருப்பவர்களிடம் அட்டை கொடுத்துக் கேட்டு, பள்ளிக்கூட முன்னேற்ற அட்டை போல ஏ, பி, சி என்று எழுத்தில் மதிப்புக் கொடுப்பார்கள். முதல் நாளே ஓடி வருகிறவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வந்தவர்கள். ஆகவே அங்கே பி வாங்கிய குடும்பக் காமெடியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

விமர்சகர்களும் குடும்பங்களும் எவ்வளவு தூரம் பிரிய முடியும் என்பதற்குப் பழைய உதாரணம் 1990-இல் வந்த ஹோம் அலோன். வீட்டில் தனியாக மாட்டிக்கொண்ட சின்னப் பையன் பொறிகள் வைத்துத் திருடர்களை விரட்டுகிற கதை. விமர்சகர்களிடம் கலவையான வரவேற்பு. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார். அந்தப் பொறிகளையெல்லாம் ஒரு சின்னப் பையன் அமைத்தான் என்பது நம்பும்படி இல்லை என்பது அவர் குறை. படமோ அமெரிக்க வசூல் பட்டியலில் தொடர்ந்து 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஈபர்ட் சொன்னது தவறென்று நான் நினைக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி குழந்தைகள் கேட்காத கேள்வி, அவ்வளவுதான்.

திட்டுகிறவர்களை முதலில் படியுங்கள்

பொதுவாக நடுவில் இருக்கிற மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். மற்ற படங்களுக்குச் சரி. ஸ்லாப்ஸ்டிக்குக்கு நான் நேராக ஒன்று, இரண்டு நட்சத்திரத்துக்குப் போவேன். பிடித்தவர்கள் 'சூப்பர், ஃபேமிலியோட பாருங்க' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிடிக்காதவர்களுக்குத்தான் கோபம், காட்சி காட்சியாக எழுதுவார்கள். அந்தக் கோபத்திலிருந்து நமக்குப் படத்தின் முழு வரைபடமும் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'கதையே இல்லை. முதல் அரை மணி நேரம் ஒருத்தன் கூரையில் ஏறுகிறான், விழுகிறான், மறுபடி ஏறுகிறான். பின்னால் நாய் வந்து பெயிண்ட் டப்பாவைத் தட்டிவிடுகிறது. இதற்கெல்லாம் சிரிக்க நாங்கள் என்ன குழந்தைகளா?' ஒரு நட்சத்திரம். எனக்கு இது சிபாரிசுக் கடிதம். கூரை, நாய், பெயிண்ட், வசனத்துக்கு வேலையில்லை. மாமியாரும் மகளும் அப்போதே டிக்கெட் வாங்கிய மாதிரி.

இன்னொருவர்: 'படம் முழுக்க அப்பாவாக வருகிறவர் கத்திக்கொண்டே இருக்கிறார். குண்டாக இருக்கிற பையனை எல்லாரும் கேலி செய்வதுதான் காமெடியாம்.' இவரும் ஒரு நட்சத்திரம். இதைப் படித்ததும் அந்தப் படத்தை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். இருவரும் கொடுத்தது ஒரே மதிப்பெண். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

'லாஜிக் இல்லை' என்கிற குறையை இந்த வகைக்கு நான் கணக்கில் எடுப்பதில்லை. லாஜிக் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: விழுந்தது ஏன் விழுந்தது என்று புரிகிறதா? தரையில் எண்ணெய் கொட்டியதை நாம் பார்த்துவிட்டோம், வருகிறவன் பார்க்கவில்லை, அதனால் சிரிப்பு. 1895 டிசம்பரில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய படங்களில் ஒன்று இதேதான். தோட்டக்காரர் குழாயால் தண்ணீர் பாய்ச்சுகிறார், ஒரு பையன் பின்னாலிருந்து குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது, அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும்போது பையன் காலை எடுக்கிறான். ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனால் காரணமும் விளைவும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஒரு பார்வையாளர் 'ஏன் விழுகிறார்கள் என்றே தெரியவில்லை, சும்மா சும்மா விழுகிறார்கள்' என்று எழுதினால் அதை லாஜிக் புகாராகத் தள்ளாதீர்கள். அது இயக்குநருக்கு வேலை தெரியவில்லை என்ற புகார்.

எங்கே, யாரோடு பார்த்தார்?

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதை விட மற்றவர்களோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கருத்துகளைப் படிக்கிற விதமே மாறிவிடும். நிறைந்த தியேட்டரில் பார்த்தவர் 'அரங்கமே அதிர்ந்தது' என்று எழுதுவதும், அதே படத்தை பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் பார்த்தவர் 'ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை' என்று எழுதுவதும் முரண் இல்லை. இருவரும் வேறு வேறு படம் பார்த்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாம் வீட்டில் நான்கைந்து பேராக உட்கார்ந்து பார்க்கப் போகிறோம் என்றால், அப்படிப் பார்த்தவரின் கருத்துதான் வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி, தேதியைப் பார்ப்பது. தியேட்டரில் வெளியான முதல் வாரக் கருத்துகளைத் தாண்டி, ஓடிடியில் வந்த பிறகு எழுதப்பட்டவற்றுக்குப் போங்கள். அங்கேதான் 'அம்மாவோடு பார்த்தேன்', 'சின்னவன் பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டான்', 'பெரியவள் மட்டும் சிரித்தாள்' போன்ற வரிகள் வரும். 'சின்னவன் எழுந்து போய்விட்டான்' என்பதை விட நேர்மையான விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை. குழந்தைக்கு யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் கிடையாது.

'தினமும் இதையே போடச் சொல்கிறாள், எங்களால் முடியவில்லை' என்று ஒரு பெற்றோர் புலம்பியிருந்தால் அந்தப் படம் குழந்தைக்கு நிச்சயம் பிடிக்கும். உங்கள் நிம்மதிக்கு நான் பொறுப்பில்லை.

முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வாசலிலேயே கேமரா முன் சொல்லப்படுகிற கருத்துகளை நான் பார்ப்பதே இல்லை. மைக்கைப் பார்த்ததும் மனிதர்களுக்கு வேகம் வந்துவிடும். அதுவும் ஒரு காமெடிதான், ஆனால் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

விழுந்தது யார், அடி யாருக்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வீட்டில் யார் சிரிப்பார், யார் அழுவார் என்பது இங்கேதான் தெரியவரும்.

பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஏதோ ஒன்று தப்பாக நடக்கிறது, அதே சமயம் 'ஆபத்தில்லை' என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் சிரிப்பு. ஆபத்தில்லை என்ற எண்ணம் போய்விட்டால் அதே காட்சி பயமாக மாறிவிடும். தப்பாக எதுவும் நடக்கவில்லை என்றால் வெறும் சலிப்பு. என் மகளும் மகனும் ஒரே காட்சியில் இரு துருவங்களில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஏணியிலிருந்து தாத்தா விழுந்தால் மகளுக்கு அது ஆபத்து, உதடு துடிக்கும். மகனுக்கு அதில் ஒன்றுமே இல்லை, போனை எடுத்துவிடுவான்.

ஆகவே கருத்துகளில் நான் தேடுகிற விவரங்கள் இவை. விழுகிறவர் திருடனா, முரட்டு முதலாளியா, அல்லது குழந்தைக்குப் பிடித்த ஆளா? விழுந்தவர் உடனே எழுந்து தூசி தட்டுகிறாரா, அல்லது கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரா? மிருகங்களுக்கு அடிபடுகிறதா? நாய் அழுதால் எங்கள் வீட்டில் படம் அத்தோடு முடிந்தது. திக்கிப் பேசுவது, கறுப்பு நிறம், உடல் பருமன், புடவை கட்டிய ஆண் என்று உருவக் கேலியில் ஓடுகிற படமா? 'ஜாலியான படம்' என்று நிறையப் பேர் எழுதிய படத்தில் இது இருக்கும். அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. 'கேலி', 'குண்டு', 'நிறம்' என்ற சொற்களைப் போட்டுக் கருத்துகளுக்குள் தேடினால் விஷயம் வெளியே வந்துவிடும்.

கழிவறை நகைச்சுவை பற்றி எனக்குத் தனிப்பட்ட எதிர்ப்பு எதுவும் இல்லை, ஆறு வயதுக்கு அதைவிடப் பெரிய இலக்கியம் கிடையாது. ஆனால் பெரியவர்கள் நடுவில் நெளிவார்களா என்று உங்களுக்குத்தான் தெரியும். இதற்குச் சான்றிதழே கொஞ்சம் உதவும். அமெரிக்கத் தரச்சான்றில் பிஜி (பெற்றோர் வழிகாட்டல் தேவை) என்று போடுவதோடு, முரட்டு நகைச்சுவை, காமெடி சண்டை என்று காரணத்தையும் ஒரு வரியில் எழுதுவார்கள். பிரிட்டனிலும் அப்படி ஒரு குறிப்பு உண்டு. இந்தியாவில் 2024 விதிகளின்படி யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படம் என்று விளம்பரம் செய்துவிட்டு 13+ வாங்கியிருந்தால், ஏன் என்று கருத்துகளில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் சத்தம். இதை யாரும் தேடுவதில்லை, நான் தேடுவேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'டொய்ங்', ஒவ்வொரு விழுகைக்கும் பாத்திரக் கடை சரிந்த சத்தம் என்று வைத்திருப்பார்கள். காது மந்தமானவர்களுக்குச் சத்தம் அதிகமிருந்தால் நல்லது என்று நினைப்போம். இல்லை. காதுக் கருவி போட்டிருப்பவருக்குத் திடீர்ச் சத்தம் நரகம். 'பிஜிஎம் காதைக் கிழிக்கிறது' என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் ரிமோட் என் கையிலேயே இருக்கும்.

'கிராபிக்ஸ் காமெடி' என்று ஒரு புகாரும் வரும். அதை நான் மதிக்கிறேன். 1928-இல் மௌனப்படக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதும் தன்மேல் சரிய, திறந்திருந்த மேல்மாடி ஜன்னல் தன்னைச் சுற்றி இறங்கும் இடத்தில் அசையாமல் நின்றார். சுவர் நிஜம், அவரும் நிஜம். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. அந்தக் கனம் பார்க்கிறவர் உடம்புக்குத் தெரியும். கணினியில் விழுகிற உடம்புக்குக் கனமே இருக்காது, சிரிப்பும் பாதியாகிவிடும். கார்ட்டூன் படத்துக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே எல்லாருக்கும் ஒரே கனம்.

'இரண்டாம் பாதி இழுவை'

இந்த வரி இல்லாத ஸ்லாப்ஸ்டிக் கருத்துப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. மௌனப்பட காலத்தில் இந்த வகைக் காமெடி பெரும்பாலும் இரண்டு ரீல் குறும்படமாகத்தான் வந்தது, அதாவது இருபது நிமிடம் சொச்சம். விழுவதையும் எழுவதையும் வைத்து அவ்வளவு நேரம்தான் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதையே இரண்டு மணி நேரத்துக்கு இழுக்கும்போது நடுவில் ஏதாவது வைத்தாக வேண்டும். சாப்ளின் 1921-இல் கைவிடப்பட்ட ஒரு குழந்தையை வைத்தார், படமும் முழுநீளப் படமானது. மற்றவர்கள் குடும்பச் சண்டை, பிரிவு, கண்ணீர், கடைசியில் கட்டிப்பிடித்தல் என்று வைத்தார்கள். இன்றைக்கும் அதுதான்.

எனவே 'இழுவை' என்று சொன்னவர் எதை இழுவை என்கிறார் என்று பாருங்கள். சென்டிமென்ட்டைச் சொல்கிறார் என்றால், உங்கள் வீட்டில் சென்டிமென்ட் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. என் மாமியாருக்கு அந்தப் பகுதிதான் படமே. ஒரே காமெடி திரும்பத் திரும்ப வருகிறது என்கிறார் என்றால், திரும்ப வரும்போது அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். 1932-இல் லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்றுகிற குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. ஏறக்குறைய அரை மணி நேரமும் ஒரே நகைச்சுவைதான். பியானோ மேலே போகிறது, கீழே வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தொல்லை சேரும், நாமும் அடுத்த சரிவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம். கருத்தில் 'மூன்றாவது தடவை வந்தபோதுதான் அதிகமாகச் சிரித்தோம்' என்று யாராவது எழுதியிருந்தால் அந்த இயக்குநருக்குக் கைத்திறன் இருக்கிறது என்று அர்த்தம்.

டிரெய்லரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல விழுகைகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். 'டிரெய்லரில் பார்த்ததுதான் மொத்தமும்' என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் நம்பிவிடுங்கள்.

ஸ்பாய்லர் பயம் இந்த வகைக்குத் தேவையில்லை. கூரை இடிந்து விழும் என்று முன்பே படித்துவிட்டதால் கூரை இடியும்போது சிரிப்பு குறைவதில்லை. சிரிப்பு விஷயத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தாராளமாகப் படியுங்கள்.

நீங்கள் எழுதும்போது

படம் பார்த்து முடித்ததும் அடுத்த வீட்டுக்காரருக்கு உதவுகிற மாதிரி நாமும் நாலு வரி எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டும், கேட்பதில்தான் சூட்சுமம். 'படம் எப்படி இருந்துச்சு அத்தை?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருந்துச்சும்மா' என்பார். எந்தப் படத்துக்கும் அதே பதில். 'எந்த இடத்துல சிரிச்சீங்க?' என்று கேட்டால் கதையே வேறு.

'அந்த ஒல்லிப் பையன் கதவைத் தொறக்கப்போயி, கதவே கையோட வந்துருச்சே, அங்கதான். ஆனா எதுக்கும்மா எல்லாரும் ஓயாம கத்துறாங்க?'

முடிந்தது. கதவுக் காட்சி வசனமில்லாமல் வேலை செய்கிறது, ஆனால் படம் இரைச்சல். இந்த இரண்டு செய்தியும் அப்படியே என் கருத்துக்குள் போய்விடும்.

குழந்தைகளிடம் கேட்கவே தேவையில்லை. படம் முடிந்ததும் எதை நடித்துக் காட்டுகிறார்களோ அதுதான் பிடித்த காட்சி. என் மகள் சோபாவிலிருந்து மூன்று முறை உருண்டு விழுந்தால் எழுத வேண்டியது எனக்குக் கிடைத்துவிடும். கூடவே ஒரு எச்சரிக்கையும்: குழந்தை பார்த்துவிட்டுச் செய்து பார்க்கக்கூடிய காட்சி எது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கூரையிலிருந்து குதிப்பது, கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது, பிளக்கில் கை வைப்பது போன்றவை காமெடியாக வந்திருந்தால், சிரித்தோம் என்பதோடு நிறுத்தக் கூடாது. மற்ற பெற்றோருக்கு நம் மதிப்பெண்ணை விட அந்த ஒரு வரி முக்கியம்.

பதின்வயதுக்காரர்களிடம் கேட்டால் 'கிரிஞ்ச்' என்பதைத் தவிர எதுவும் வராது. அவர்களைப் படம் ஓடும்போதே கவனிக்க வேண்டும். போனிலிருந்து கண் நிமிர்ந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவை உண்மையான மதிப்பெண்கள்.

இனி எழுதுகிற விதம். 'சூப்பர் ஃபேமிலி என்டர்டெய்னர், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கலாம், ஐந்துக்கு நாலு' என்று எழுதினால் எந்தக் குடும்பம், எந்த வயது என்று எதுவுமே தெரியாது. நான் எழுதுகிற பாணி ஏறக்குறைய இப்படி:

'வீட்டில் ஐந்து பேராகப் பார்த்தோம். ஆறு வயதுக்காரி கதவுக் காட்சியிலும் வாத்து துரத்தும் காட்சியிலும் விடாமல் சிரித்தாள். தாத்தா மாடியிலிருந்து விழும் இடத்தில் பயந்தாள். அவர் பிழைத்துக்கொள்வார் என்று முன்பே சொல்லி வைப்பது நல்லது. பாட்டிக்குக் கதை புரிந்தது, சத்தம்தான் பிடிக்கவில்லை. பதினான்கு வயதுக்கு இது வேலைக்கு ஆகாது. கெட்ட வார்த்தை இல்லை, சமையல்காரரின் உடம்பை வைத்து இரண்டு இடத்தில் கேலி உண்டு. கடைசி இருபது நிமிடம் அழுகை. மூன்று நட்சத்திரம், ஆறு வயது வீட்டில் இருந்தால் நாலு.'

இதில் கதை ஒரு வரிகூட இல்லை பாருங்கள். கதையை எல்லாரும் எழுதுகிறார்கள், அது போஸ்டருக்குக் கீழேயே இருக்கிறது. நடிகரின் முந்தைய படங்களோடு ஒப்பிடுவதும் வேண்டாம். ஒப்பிட ஆரம்பித்தால் கீழே ரசிகர்கள் கூடிவிடுவார்கள், அதற்கப்புறம் நம் வாத்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மதிப்பெண்ணை இரண்டாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். தளத்தில் ஒரு எண்தான் போட முடியும் என்றால், போடுகிற எண் யாருக்கானது என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். எனக்கே சிரிப்பு வராத படத்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன், 'இது என் மகளின் மதிப்பெண்' என்று எழுதிவிட்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. குடும்பப் படத்தைக் குடும்பத்தில் யார் மதிப்பிடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நாம்தான்.

அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். மறுநாள் குழந்தைகள் காட்சிகளைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, படத்தில் இல்லாத விழுகைகளையும் சேர்த்துவிடுவார்கள். நமக்கும் அதுதான் நினைவில் நிற்கும், கேட்கவே படத்தை விட நன்றாகவும் இருக்கும். பிறகு எப்போதாவது இரண்டாம் முறை பார்த்து அபிப்பிராயம் மாறினால், புதிதாக எழுதாமல் பழைய கருத்தையே திருத்தி, 'மறுபடி பார்த்தபோது' என்று தேதியோடு கீழே சேர்த்துவிட்டால் போதும்.